வராதவளுக்கு எழுதிய குறிப்புகள்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். சளி மட்டும் போகமாட்டேன் என்கிறது, அதையும் ஓர் அறைத்தோழனாகச் சேர்த்துக்கொண்டேன். உன் விரல் வெட்டு ஆறியதா? அம்மாவின் முழங்கால் இப்போது மாடி ஏறவிடுகிறதா?

ஒரு நல்ல சேதி. எனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நூலகப் படிக்கட்டுக்கு அடியில் மாணவர் உதவி மையம் என்று ஒரு நீள அறை. ஒரு மூலையில் கணக்கில் தடுமாறுகிறவர்களுக்கு மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். இன்னொரு மூலையில் கட்டுரை திருத்துவார்கள். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் மனசு சரியில்லாதவர்கள் போய்ப் பேச ஓர் ஆலோசகர் இருக்கிறார். தடுப்பு மேல்வரை எட்டாது. உள்ளே யாராவது அழுதால் இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும் மும்முரமாகப் பென்சில் சீவுவோம்.

என் வேலை, காது கேட்காத ஒரு மாணவிக்கு வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெழுதித் தருவது. மையத்தின் பொறுப்பாளர் எப்போதும் பச்சை மையில் கையெழுத்துப் போடுவதால் பிள்ளைகளுக்கு அவர் பச்சைப்பேனா. செய்தித்தாளை எடுத்துக் கடகடவென்று வாசித்து என்னை எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டு, "எங்க கத்துக்கிட்ட?" என்றார். "வீட்ல, மேடம். எங்க அக்காவுக்கு எழுதி எழுதி" என்றேன். அதற்குமேல் கேள்வி இல்லை.

ஒரு தாள்கட்டு தந்திருக்கிறார்கள். மேலே வெள்ளை, அடியில் மஞ்சள். அழுத்தி எழுதினால் இரண்டிலும் பதியும். வெள்ளை அந்த மாணவிக்கு. மஞ்சளை வெள்ளிக்கிழமைக்குள் மையத்தின் தகரப்பெட்டியில் போட வேண்டும். தலைப்பில் 'வந்தார்', 'வரவில்லை' என்று இரண்டு கட்டம், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அவள் கால்மணி நேரத்துக்குள் வராவிட்டால் நான் எழுதக் கூடாது, எழுந்து என் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். வெளியில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் உனக்கு அவள் முன்வரிசை. உதட்டைப் பார்க்க வேண்டுமே, உன்னைப்போலவே முதல் பெஞ்சில்தான் உட்காருவாள். என் வகுப்புதான். நூற்றிருபது பேரில் இவ்வளவு நாள் கவனித்ததே இல்லை.

அக்கா, அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்கவில்லை. நான் ஒருநாள் எழுதாமல் வந்ததற்கு நீ பரீட்சையையே விட வேண்டியதாகிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு அப்படி ஆக விடமாட்டேன். ஒரு வரிகூட விடமாட்டேன்.

அம்மாவிடம் சொல், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 21

கிறுக்கல் சக்கரவர்த்திக்கு அக்கா எழுதுவது,

விரல் ஆறிவிட்டது. அம்மாவின் முழங்கால் ஆஸ்பத்திரி வார்டில் நாள் முழுக்க ஓடும், வீட்டு மாடியைப் பார்த்தால் மட்டும் வலிக்கும். உன் சளிக்கு ஆவி பிடி. அறைத்தோழன் என்று செல்லம் கொடுக்காதே.

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் எனக்கு ஏக மரியாதை. லென்ஸ் தேய்க்கிற மிஷின் சத்தத்தில் மற்றவர்கள் மத்தியானமே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு ஏது சத்தம்? முதலாளி, "உன்ன மாதிரி இன்னும் நாலு பேர் கிடைச்சா தேவலை" என்றார். பாராட்டா என்று யோசித்துக்கொண்டே தேய்த்தேன். இப்போது சரிபார்க்கும் வேலையும் தந்திருக்கிறார்கள். தேய்த்த லென்ஸை ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்துத் திருப்புவேன். கம்பி உடைந்து தெரிந்தால் லென்ஸ் கோணல், திருப்பி அனுப்ப வேண்டும்.

உன் முன்வரிசைக்காக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வாத்தியார் ஜோக் சொன்னால் அதையும் எழுது. பாடத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். வகுப்பே சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் முழித்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதற்குப் புத்தகம் கிடையாது. நீ எனக்கு எழுதியபோது ஜோக்கையெல்லாம் விட்டுவிடுவாய். பள்ளிக்கூடத்தில் ஒற்றை ஷூவில் லேஸ் இல்லாமல் திரிந்தவனுக்கு நகைச்சுவை எங்கிருந்து வரும்?

வேலை, வேலை என்று உன் படிப்பைக் கோட்டை விட்டுவிடாதே.

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆவி பிடித்தேன். அறைத்தோழன் காலி. அம்மாவுக்கும் உனக்கும் உடம்பு நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். அந்த லேஸை யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது, சந்தேகம் மட்டும் உன்மேல் இருக்கிறது.

நீ சொன்னபடி ஜோக்கையும் எழுதுகிறேன். எல்லாரும் சிரித்து முடித்து ஐந்து எண்ணுவதற்குள் முன்வரிசை தனியாகச் சிரிப்பாள். பேராசிரியர் ஒருநாள் குழம்பிப்போய்த் தன் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டார். முன்வரிசைக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் எல்லாம் எழுத்தில்தான். தாள் ஓரத்தில் எழுதித் தள்ளுவாள். இந்தப் பருவத்துக்குப் புதிதாக வந்தவர் பெரிய மீசைக்காரர், பேசும்போது பாதி உதடு மறைந்துவிடும், அதிலும் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவார். அவரைப் பற்றி எழுதினாள்: 'மீசைக்கு ஒரு தனிக் குறிப்பெழுத்தாளர் போடச் சொல்லு.'

போன வாரம் இரண்டு நாள் அவள் வரவில்லை. விதிப்படி நான் எழுதாமல் என் பழைய இடத்துக்குப் போக வேண்டும். மனசு கேட்கவில்லை, அக்கா. உட்கார்ந்து முழுக்க எழுதி, பெண்கள் விடுதி வாசலில் அவள் அறை எண் போட்ட தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தேன், எடுத்திருந்தாள். வராத நாளைக்கும் குறிப்பு கிடைத்தது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

பச்சைப்பேனா என் மஞ்சள் தாளைக் காட்டி மற்றவர்களிடம், "இப்படி எழுதுங்க" என்றாராம். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான்.

உன் தம்பி

*

செப்டம்பர் 25

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போய்விட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன்.

நீ பெருமையாக எழுதியிருக்கிறாய், நானும் பெருமைப்படத்தான் பார்க்கிறேன். ஆனால் இரண்டு கேள்வி. அவள் வராத அந்த இரண்டு நாளும் மஞ்சள் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாய்? வராததற்கு அவள் என்ன காரணம் சொன்னாள்?

மறக்காமல் பதில் எழுது.

அக்கா

*

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் மாத்திரை போட மாட்டேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது. நான் நலம்தான். தேர்வு நெருங்குவதால் பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். 'வந்தார்' என்றுதான் டிக் அடித்தேன். வேறு வழியில்லை, அக்கா. தொடர்ந்து மூன்று முறை 'வரவில்லை' என்று வந்தால் குறிப்பெழுதுவதை நிறுத்திவிடுவார்கள், அவள் மையத்துக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். பெரிய வகுப்புகளில் வருகைப்பதிவே எடுப்பதில்லை. அவள் வந்தாளா இல்லையா என்பதற்கு என் மஞ்சள் தாள் ஒன்றுதான் சாட்சி. நான் வாயைத் திறக்காவிட்டால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

இந்த மாதம் அவள் வகுப்புக்கு வந்தது ஒரே ஒருநாள். போன வாரம் குடிதண்ணீர்க் குழாய் அருகே பார்த்தேன். ஏன் வரவில்லை என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். வயிற்று வலி என்று எழுதினாள். சிரித்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஒன்றும் கவலைப்படாதே, குறிப்பு வந்துகொண்டே இருக்கும் என்று எழுதினேன். தலையாட்டினாள்.

இதுவரை இருபத்தாறு தாள். பெட்டியில் போட்டால் மறுநாள் இருப்பதில்லை. எடுக்கிறாள் என்றால் படிக்கிறாள் என்றுதானே அர்த்தம்? தேர்வுக்கு எல்லாம் கையில் இருக்கும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

உன்னுடையது இருபத்தேழாவது தாளில் நின்றது என்று எனக்கு நினைவிருக்கிறது. இதை நிற்க விடமாட்டேன்.

உன் தம்பி

*

நவம்பர் 7

சின்னவனுக்கு அம்மா எழுதறது,

நல்லா இருக்கியாப்பா. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்கக்கா எழுதறேன் எழுதறேன்னு சொல்லி நாள் போயிடுச்சு, அதான் நானே எழுதறேன். எழுத்து கோணலா இருக்கும், படிச்சுக்கோ.

உன் கடைசிக் கடுதாசி வந்ததுலேர்ந்து அவ சரியில்ல. வந்த அன்னைக்கு சாப்பிடல. தலை வலியான்னு கேட்டா இல்லைங்கறா. மூணு தடவ எழுத உக்காந்தா, மூணு தடவயும் கிழிச்சுப் போட்டா. பட்டறையில ஒரு நாளும் தப்பு பண்ணாதவ, கோணல் லென்ஸ சரின்னு முத்திரை குத்தி அனுப்பிட்டாளாம். மொதலாளி எங்கிட்ட வந்து கேக்கறாரு.

நீ அப்படி என்னப்பா எழுதின? அவ காட்ட மாட்டேங்கறா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு எப்பவும் கடைசியாத்தான் தெரியுது. அப்பவும் அப்படித்தான்.

வேளைக்கு சாப்பிடு.

அம்மா

*

நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கடிதம் கிடைத்தது. உனக்கு உடம்பு ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுது, போதும்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. பொய்யாக டிக் அடித்தது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகத் திட்டு. திட்டு வாங்கிப் பழகியவன்தான். நீ பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறமும் இப்படித்தான் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாய். அதற்காகவாவது என்னை ஒருநாள் திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். தேர்வுக்கு மூன்று வாரம். தாள்கட்டு தீர்ந்து புதிது வாங்கினேன். இதில் மை கொஞ்சம் ஊறுகிறது. முன்வரிசையின் அறைத்தோழி பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாளாம், அந்தப் பெண்தான் இதுவரை பெட்டியிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். இப்போது நான்கு நாள் தாள் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டி சின்னது, இன்றையதை நாலாக மடித்துச் செருகினேன். முன்வரிசையைக் குழாய் பக்கமும் காணோம். படிப்பில் மூழ்கியிருப்பாள்.

பதில் எழுது, அக்கா.

உன் தம்பி

*

நவம்பர் 18, மாலை

தம்பி,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்கு நேரமில்லை. தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். உங்கள் ஊர்க் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் பெட்டி எடுத்துப்போகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், காலை பஸ்ஸில் இறங்கியதும் நேராக உன் அறைக்கு வருவார். இதைப் படித்து முடித்ததும் வகுப்புக்குப் போகாதே. முதல் வேலையாக மையத்துக்குப் போ. பச்சைப்பேனாவிடம், அவள் ஒன்றரை மாதமாக வரவில்லை, நான் பொய் எழுதினேன் என்று சொல். தாழ்ந்த குரலில் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. நாளைக்கே.

ஏன் என்று கேட்பாய். மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாலு வயதில் காய்ச்சலில் காது போய், ஒரு வருஷம் வீணாகி, உன் வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். நீ எனக்கு எழுதினாய். கடைசி வருஷம் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். உன்னிடம் வயிற்று வலி என்றேன். அம்மா விடிந்ததும் வார்டுக்குப் போய்விடுவாள், சாயந்திரம் வந்தால் நான் உன் குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாத்தியார்களுக்கு நீ சமாதானம் சொன்னாய். எல்லார் கண்ணுக்கும் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் குறிப்பில் ஒரு பக்கத்தைக்கூட நான் திறக்கவில்லை, தம்பி. வாங்குவேன், மெத்தைக்கு அடியில் வைப்பேன். சேரச் சேர எடுத்துக் கட்டிவைப்பேன். எனக்கு வயிறு வலிக்கவில்லை. எதுவும் வலிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் இல்லாமலே என் படிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். எதை என்று கேட்காதே, உனக்குப் புரியும்.

செவ்வாய்க்கிழமை நீ வெறுங்கையோடு வந்தாய். என் முகத்துக்கு நேரே, "இனிமே உனக்கு எழுத மாட்டேன், போ" என்றாய். உன் உதட்டை அவ்வளவு தெளிவாக நான் படித்ததே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கு அக்கறையும் இல்லை. ஆனால் அம்மா வந்து என் காலி மடியைப் பார்த்தாள். நோட்டு எங்கே என்று உன்னைக் கேட்டாள். நீ அழுதுகொண்டே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாய். அம்மா மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த முப்பது நாளும் போகவில்லை. என்னைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

நீ எழுதாமல் வந்ததால் நான் பரீட்சையை விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ எழுதாமல் வந்ததால்தான் நான் இருக்கிறேன். இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் சொல்லவில்லை. பழி உன்மேல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. என்னை மன்னித்துவிடு.

உன் 'வயிற்று வலி' கடிதம் வந்து நாலு வாரம் ஆகிறது. எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டுமே என்று கிழித்துக் கிழித்துப் போட்டேன். பெட்டியில் நான்கு நாள் தாள் கிடக்கிறது என்பதை நீ மை ஊறுகிறது என்பதோடு சேர்த்து எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நிமிஷமே பேனாவை எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் பொய் பாதி, என் மௌனம் பாதி.

ஓடு.

அக்கா

*

நவம்பர் 20

அக்கா,

இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறாள்.

உன் ஆள் காலையில் வந்து கதவைத் தட்டினார். நின்றபடியே படித்தேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியது மையத்தில் போய் நின்றபிறகுதான் தெரிந்தது. பச்சைப்பேனா அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடைசியா அவள நீ கண்ணால பாத்தது என்னைக்கு?"

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தைந்து நாள். விரலால் மேஜையில் எழுதிக் காட்டினேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு விடுதிக்கு நடந்தார். நடந்தார் என்கிறேன், நான் ஓடியும் பின்னால்தான் வந்தேன். உள்ளே எனக்கு அனுமதி இல்லை. வாசலில் அந்தத் தபால்பெட்டிகளுக்கு முன்னால் நின்றேன். அவள் பெட்டியிலிருந்து என் தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. இடுக்கில் நான் மடித்த மடிப்பு தெரிந்தது. அங்கேயே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வாசல்காரம்மா பிற்பாடு சொன்னார், கதவைத் தட்டி அவளுக்கு என்ன பிரயோஜனம்? அறைவிளக்கின் சுவிட்ச் வெளியில் இருக்கிறது, அதைப் போட்டுப் போட்டு அணைத்துத்தான் அவளைக் கூப்பிட வேண்டுமாம். பச்சைப்பேனா இருபது நிமிஷம் அந்த சுவிட்சைவிட்டுக் கையை எடுக்கவில்லையாம். அப்புறம்தான் தாழ்ப்பாள் திறந்ததாம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துப் பச்சைப்பேனா மட்டும் வெளியே வந்தார். "இருக்கா" என்றார். "டாக்டர் வராரு. அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சு. நீ போய் ஏதாவது சாப்பிடு." அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயந்திரம் மையத்துக்கு வரச் சொன்னார். தாள்கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நான் மன்னிப்புக் கேட்டதும், "மூணு தடவ வரலேன்னா நிறுத்தறோம்னு போட்டிருக்கறது நிறுத்தறதுக்கு இல்லப்பா. போய்ப் பாக்கறதுக்கு" என்றார். தாள்கட்டை அலமாரியில் வைத்துவிட்டு, "நீ நல்லா எழுதற. அதான் எனக்கு சந்தேகமே வரல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இனி நான் அங்கே எழுதப் போவதில்லை. அது சரிதான்.

மன்னிப்பு கேட்க வேண்டியவள் நீ இல்லை, அக்கா. ஆனால் நீ எழுதிய அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியவில்லை. இரண்டு நாளாக அழுகை வருகிறது. அம்மாவுக்கு அது தெரியுமா? நீ இப்போது எப்படி இருக்கிறாய்? நிஜமாகச் சொல்.

தம்பி

*

ஜனவரி 16

வணக்கம், அக்கா.

உங்களை அக்கா என்று கூப்பிடலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பரவாயில்லை. பரவாயில்லை என்பதை இப்போது பொய்யில்லாமல் எழுத முடிகிறது.

என் பெயர் உங்களுக்குத் தெரியாதாம், முன்வரிசை என்றுதான் தெரியுமாம். அப்படியே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் தம்பி மூன்று முறை மையத்தில் சீட்டு வைத்துவிட்டுப் போனான், நான் பதில் போடவில்லை. நான்காவது சீட்டில், இந்த முறை யாருக்கும் சொல்லாமல் இருக்க மாட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தான். அப்புறம்தான் பேசினேன். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டேன். உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு, மீதியை அக்காவையே கேள் என்றான்.

எனக்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. மீசைக்காரர் ஒருநாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ஆமாம் என்று தலையாட்டினேன். வகுப்பு சிரித்தது. உங்கள் தம்பி குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். தாளில் அது என்ன கேள்வி என்பதும் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள் என்பதும் அடைப்புக்குறிக்குள் வந்தது. மறுநாள் போகப் பிடிக்கவில்லை. போகாததை யாரும் கவனிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கவனிக்கவில்லை. குறிப்பு மட்டும் தவறாமல் வந்தது. நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று அந்தத் தாள்கள் தினமும் அறைத்தோழி கையில் வந்து சொல்லிக்கொண்டிருந்தன. அவனுக்கு இதை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நிமிரவே இல்லை. அவன்மேல் எனக்கு இன்னும் முழுசாகக் கோபம் போகவில்லை, அவனிடமே சொல்லிவிட்டேன்.

வாரம் இரண்டு நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகிறேன். நான் அழும்போது இந்தப் பக்கம் பென்சில் சீவுவார்கள் என்று உங்கள் தம்பி சொன்னான், சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பாடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மீசைக்காரர் இப்போது எங்கள் பக்கம் திரும்பிப் பேசுகிறார், பச்சைப்பேனா போய்ச் சொன்னாராம். புதிதாக எழுத வருகிற பெண்ணின் கையெழுத்து படுமோசம். அவள் தாமதமாக வந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல் வருவது நல்ல அடையாளம் என்கிறார் ஆலோசகர்.

உங்கள் தம்பியின் கையெழுத்து அழகு. நான் வராத நாட்களுக்கு நாற்பத்தொரு தாள். ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. நீங்களும் படிக்காமல் கட்டிவைத்துவிட்டீர்கள் என்று சொன்னான்.

கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். நீங்கள் அந்தக் கட்டை எப்போது அவிழ்த்தீர்கள்?

முன்வரிசை

*

பிப்ரவரி 3

என் தம்பிக்கு,

நான் நலம். நிஜமாகச் சொல் என்று போன கடிதத்திலும் கேட்டிருக்கிறாய், நிஜமாகவே நலம். அம்மாவிடம் அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "தெரியாமலா முப்பது நாள் உம் பக்கத்துல படுத்திருந்தேன்?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முன்வரிசையின் கடிதம் வந்தது. கட்டை எப்போது அவிழ்த்தீர்கள் என்று கேட்டிருந்தாள். நான் அவிழ்க்கவே இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி எடுத்தேன். உன் ஷூ லேஸ் கிடைத்துவிட்டது. அதை வைத்துத்தான் கட்டியிருக்கிறேன். சந்தேகம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்தாறு தாள், தம்பி. பாடத்தை நான் படிக்கவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் நீ சின்னதாக எழுதியிருந்ததைத்தான் படித்தேன்.

'இன்னைக்கு உன் இடத்துல யாரையும் உக்கார விடல.'

'பூகோள சார் உன்னக் கேட்டாரு. வயித்து வலின்னு சொன்னேன். நாளைக்கு வா.'

'இன்னைக்கு மழை, பாதிப் பேர் வரல. நீ வந்திருக்கலாம்.'

'அக்கா, நாளைக்காவது வா.'

எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒன்றுகூட விடவில்லை. இருபத்தாறாவது தாள் திங்கள்கிழமை. அதில் எழுதியிருக்கிறாய்: 'இதப் படிச்சா நாளைக்குக் காலைல எங்கூடக் கிளம்பு. கிளம்பலேன்னா உனக்கு என்னப் பத்தியும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம். இனிமே எழுத மாட்டேன்.'

மறுநாள் காலையில் நீ கதவுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. லேஸ் இல்லாத ஷூவோடு தாமதம் செய்கிறாய் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் படித்துவிட்டுத்தான் வரவில்லை என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒருநாளும் கேட்கவில்லையே நீ. நானும் ஏன் எழுதவில்லை என்று உன்னைக் கேட்கவில்லை. நம் இரண்டு பேரையும் போல ஒரு ஜோடி முட்டாள்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முன்வரிசைக்குத் தனியாக எழுதிவிட்டேன், நேற்றுதான் அவிழ்த்தேன் என்று. அவள் உடனே பதில் போட்டாள். பச்சைப்பேனாவிடம் கேட்டு, வருகிற திங்கள்கிழமை உங்கள் வகுப்பில் நான் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாளாம். பள்ளிப் பரீட்சையை வெளியிலிருந்து எழுத மையத்தில் விண்ணப்பத்தாள் தருகிறார்கள், அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள். யோசிக்கிறேன் என்று எழுத உட்கார்ந்து, கிழித்துப்போட்டு, சரி என்று எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் லென்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் இருப்பேன். பஸ் நிலையத்துக்கு வா. உன் லேஸைக் கொண்டுவருகிறேன். திங்கள்கிழமை நீ எனக்கு எதுவும் எழுத வேண்டாம், சும்மா உட்கார்.

நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இருபத்தாறு முறை எழுதியிருக்கிறாய். வருகிறேன். முதல் பெஞ்சில் என் இடத்தில் யாரையும் உட்கார விடாதே.

அக்கா